சத்தி சாலை வீல் அலைன்மென்ட் கடை: உட்பக்கம் தேய்ந்த டயர்களுக்கு அங்கே கிடைத்த தீர்வு

கோவை சத்தி சாலையில் கணபதிப் பகுதியில், டயர் விற்பனை எதுவும் இல்லாமல் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்தல்), பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்தல்), சஸ்பென்ஷன் வேலை ஆகியவற்றை மட்டும் செய்யும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. என் காரின் முன் டயர்கள் இரண்டும் உட்பக்க ஓரத்தில் மட்டும் அளவுக்கு மீறித் தேய்ந்ததால் அங்கே கொண்டுபோனேன். அவர்கள் செய்த வேலையின் மதிப்பீடுதான் இது. கடையின் பெயரைவிட, அங்கே வேலை நடந்த முறையே வாசகருக்குப் பயன்படும். அந்த முறையை எந்த ஊரில் எந்தக் கடையிலும் நீங்கள் கேட்டுப் பெறலாம்.

கார் முன்சக்கர இழுவை கொண்ட ஹேட்ச்பேக். டயரின் அளவு 185/65 ஆர்15. ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அலைன்மென்ட் தவறாமல் செய்யப்பட்ட கார்தான். வேறொரு கடையில் ஒவ்வொரு முறையும் கொடுத்த தாளில் எல்லாக் கட்டங்களும் பச்சையாகவே, அதாவது அளவுகள் சரி என்றே, இருந்தன. இருந்தும் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. அளவுமானியை வைத்துப் பார்த்தபோது இடது முன் டயரின் வெளிப்பள்ளத்தில் 5 மில்லிமீட்டர் ஆழமும் உட்பள்ளத்தில் 1.5 மில்லிமீட்டர் ஆழமும் இருந்தன. பட்டன் (சாலையில் படும் ரப்பர்க் கட்டங்கள்) தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது என்பதைக் காட்டுவதற்காகவே பள்ளங்களுக்குள் சிறு மேடுகளை வைத்து வார்க்கிறார்கள். உட்பக்கத்தில் அந்த மேடு பட்டனோடு சமமாகிவிட்டிருந்தது. வெளியில் நின்று பார்ப்பவர்களுக்கோ அது நல்ல டயராகவே தெரியும். உட்பக்கத் தேய்மானத்தின் ஆபத்தே இதுதான். ஸ்டீரிங்கை முழுவதும் ஒரு பக்கம் ஒடித்து நிறுத்திவிட்டு, குனிந்து டயரின் உள் ஓரத்தைப் பார்த்தால் ஒழிய அது கண்ணில் படாது.

டயர் தேயும் விதத்திலேயே காரணத்தின் பெரும்பகுதி எழுதியிருக்கும். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மேடாக நின்றால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கும் அல்லது பேலன்சிங் போயிருக்கும். ஒரே ஓரம் தேய்ந்தால் சந்தேகம் சக்கரத்தின் கோணங்கள்மேல் விழ வேண்டும். அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கேம்பர், மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்முனைகள் ஒன்றை ஒன்று நோக்கியோ விலகியோ நிற்கும் டோ. இந்த இரண்டில் எது என்பதைப் பிரித்தறிய ஒரு வழியை அந்தக் கடையின் மூத்த மெக்கானிக் காட்டினார். உள்ளங்கையை டயரின்மேல் குறுக்காக, உள்ளிருந்து வெளியே ஒருமுறையும் வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் தடவச் சொன்னார். ஒரு திசையில் கை வழுக்கிக்கொண்டு போனது; மறுதிசையில் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் அரத்தின் பல்லைப் போல உள்ளங்கையைக் கீறியது. கேம்பர் மட்டும் காரணமாக இருந்தால் டயர் சீராகச் சாய்வாகத் தேயும். இப்படி ஒரு திசையில் மட்டும் கூர்மை தெரிந்தால், சக்கரம் உருளும்போதே பக்கவாட்டில் இழுபடுகிறது என்று பொருள், அதற்குக் காரணம் டோ. மெஷினில் ஏற்றும் முன்பே அவர் இந்த முடிவுக்கு வந்துவிட்டார். பிற்பாடு மெஷின் காட்டிய அளவும் அதையே சொன்னது.

அடுத்து அவர்கள் செய்ததே இந்தக் கடைக்கு நான் உயர்ந்த மதிப்பெண் கொடுப்பதற்கு முதற்காரணம். காரை நேராக மெஷினில் ஏற்றவில்லை. முதலில் நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் பக்கக் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு காரைத் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பேரிங்கும் பால் ஜாயிண்டும் ஆடுகின்றனவா என்று பார்த்தார்கள். அதே சக்கரத்தை இடமும் வலமுமாக ஆட்டி, ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டையும் ரேக் எண்டையும் பார்த்தார்கள். இவை எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியாக, நீளமான ஒரு கடப்பாரையை, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்முக்கும் அது பொருந்தியிருக்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமுக்கும் நடுவில் கொடுத்து நெம்பியபோது, இடது பக்கத்து லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் கிழிந்திருப்பது தெரிந்தது. ரப்பர் வட்டத்தில் பாதிக்கு மேல் விரிசல். நெம்பினால் ஆர்ம் முழுவதுமே விரற்கடை அளவுக்கு நகர்ந்து திரும்பியது. என்னைக் கீழே வரச்சொல்லி, விளக்கைப் பிடித்து அதைக் காட்டினார் அந்த மெக்கானிக்.

“சார், புஷ் போயிருச்சுங்க. இதை மாத்தாம அலைன்மென்ட் பண்ணிக் குடுத்தா தாள்ல பச்சை வந்துருமுங்க. ரோட்டுக்குப் போனா பழையபடி டயரைத் தின்னுங்க” என்றார்.

“அப்போ இன்னைக்கு அலைன்மென்ட் வேண்டாங்கறீங்களாண்ணா?” என்று கேட்டேன்.

“காசு வாங்கிட்டு ஏங்க வீணா பண்ணோணும்? புஷ்ஷை மாத்திட்டு வாங்க, இங்கயே மாத்துனாலும் சரி, உங்களுக்குத் தெரிஞ்ச எடத்துல மாத்துனாலும் சரிங்க” என்றார்.

பழைய தாள்களில் எல்லாம் பச்சையாக இருந்தும் டயர் தேய்ந்ததற்கான விளக்கம் அவர் பேச்சிலேயே இருக்கிறது. அலைன்மென்ட் மெஷின், நின்றுகொண்டிருக்கும் காரைத்தான் அளக்கிறது. அந்த நிலையில் டை ராடைத் திருகி டோவை எந்த அளவுக்கு வேண்டுமானாலும் கொண்டுவந்துவிடலாம். ஆனால் சக்கரத்தைத் தன் இடத்தில் பிடித்துவைத்திருக்க வேண்டிய புஷ் கிழிந்திருந்தால், பிரேக் போடும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் ஆர்ம் தன் போக்கில் நகர்ந்து, திருகிவைத்த டோ அந்த நொடியிலேயே மாறிவிடுகிறது. சாலையில் இப்படி ஆயிரக்கணக்கான முறை நடக்கும்போது தாளில் இருக்கும் பச்சைக்கு ஒரு மதிப்பும் இல்லை. எனவே சஸ்பென்ஷனை ஆட்டிப் பார்க்காமல் காரை மெஷினில் ஏற்றும் கடையில், மெஷின் எவ்வளவு புதியதாக இருந்தாலும், பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பக்கப் புஷ் போயிருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது என்றார்கள். இரண்டும் ஒரே அளவு ஓடியவை என்பதால் அதை ஏற்று, அங்கேயே மாற்றிக்கொண்டேன். மாற்றும்போது ஆர்மின் போல்ட்டைக் கார் தூக்கியிருக்கும் நிலையில் முழுவதும் இறுக்கவில்லை. காரைக் கீழே இறக்கி, சக்கரத்தின்மேல் எடை வந்த பிறகுதான் கடைசி இறுக்கம் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். சிறிய செயல்தான், ஆனால் பல இடங்களில் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

மெஷின், நான்கு சக்கரத்திலும் பலகைகளை மாட்டி எதிரே இருக்கும் கேமராக்களால் அளக்கும் 3டி வகை. பலகைகளை மாட்டியபின் காரைச் சற்றுப் பின்னால் தள்ளி மீண்டும் முன்னால் உருட்டினார்கள். டிஸ்க்கில் (டயர் மாட்டியிருக்கும் உலோகச் சக்கரத்தில்) சிறிய வளைவு இருந்தாலும் பலகை கோணலாக மாட்டப்பட்டிருந்தாலும் அந்த உருட்டலில் மெஷின் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பிறகு பிரேக்கை அழுத்தியபடி கம்பி ஒன்றைப் பொருத்தி, ஸ்டீரிங்கை இடமும் வலமும் திருப்பிக் காஸ்டரை, அதாவது பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டீரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணத்தை, எடுத்தார்கள். கடைசியாக ஸ்டீரிங்கை நேராக வைத்துப் பூட்டிவிட்டுத்தான் டை ராடில் கையே வைத்தார்கள். திரையில் காரின் மாடலையும் ஆண்டையும் தேர்ந்தெடுக்கும்போது என்னிடம் கேட்டுச் சரிபார்த்ததையும் குறிப்பிட வேண்டும். ஒரே பெயருள்ள காருக்கே தலைமுறை மாறும்போது கோணங்களின் அளவுகளும் மாறுவதுண்டு. தவறான மாடலைத் தேர்ந்தெடுத்தால் தவறான அளவுக்குத்தான் பச்சை வரும்.

திருகுவதற்கு முன் எடுத்த அளவு, இடது முன் சக்கரத்தின் டோ வெளிநோக்கி 18 நிமிடம், வலது 16 நிமிடம். கோணக் கணக்கில் 60 நிமிடம் சேர்ந்தால் ஒரு டிகிரி. ஆகவே 18 நிமிடம் என்பது 0.3 டிகிரி. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.3 டிகிரி விலகி நிற்கும் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருண்டால், ஏறத்தாழ 5 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. கோவையிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர். ஒரு வழிப் பயணத்திலேயே அந்த ரப்பர் இரண்டரை கிலோமீட்டர் தூரம் தார்ச்சாலைமேல் பக்கவாட்டில் உரசியிருக்கும். டோவின் சின்ன எண்களை அலட்சியமாக விட்டுவிடுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை மனத்தில் போட்டுக்கொள்வது நல்லது. வேலை முடிந்தபின் இரண்டு பக்கமும் உள்நோக்கி 2 நிமிடம் என்று வைத்துக் கொடுத்தார்கள். முன்பும் பின்பும் எடுத்த அளவுகள் இரண்டும் ஒரே தாளில் அச்சாகியிருந்தன.

கேம்பரைப் பற்றி அவர்கள் சொன்னது நேர்மையானது. இடது மைனஸ் 35 நிமிடம், வலது மைனஸ் 28 நிமிடம். இரண்டும் அனுமதித்த எல்லைக்குள்தான் இருந்தன. இந்த வகைக் கார்களில் முன்பக்கச் சஸ்பென்ஷன் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை, பின்பக்கம் டார்ஷன் பீம் வகை. பெரும்பாலான சிறிய கார்களில் உற்பத்தியாளர் திருகித் திருத்துவதற்கு விட்டிருப்பது முன்சக்கரங்களின் டோவை மட்டும்தான். முன் கேம்பர், காஸ்டர், பின்சக்கரக் கோணங்கள் எல்லாம் அளக்கப்படும், தாளில் வரும், ஆனால் திருகுவதற்கு இடம் இருக்காது. அவை எல்லையைத் தாண்டியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றுவதே சரியான வேலை. சில கடைகளில் ஹைட்ராலிக் ஜாக்கியை மாட்டி ஸ்ட்ரட்டையோ நக்கிளையோ வளைத்து ‘கேம்பர் எடுத்துத் தருகிறோம்’ என்று தனிக்கட்டணம் வாங்குவதை நான் கண்டிருக்கிறேன். சக்கரத்தைத் தாங்கி நிற்கும் உலோகத்தைக் குளிர்ந்த நிலையில் வளைப்பது எனக்குச் சற்றும் ஒப்பாத செயல். உங்கள் காருக்கு அப்படிச் செய்ய யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். இந்தக் கடையில் அதைப் பற்றிக் கேட்டபோது, தாங்கள் அதைச் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எங்களைப் போல் மலைப்பாதையில் அடிக்கடி ஏறுபவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவ்வளவு குறுகிய வளைவுகளில் ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்து ஏறி இறங்கும்போது, முன் டயர்களின் தோள் ஓரம் மடங்கிச் சாலையில் உரசும். இதனால் மலையோர ஊர்களில் ஓடும் கார்களுக்கு முன் டயரின் வெளி ஓரம் சற்றுக் கூடுதலாகத் தேய்வது இயல்பு. அதற்கு அலைன்மென்டைக் குறை சொல்ல முடியாது. என் காரில் தேய்ந்ததோ உள் ஓரம். மலைக்கணக்கில் தள்ளிவிட முடியாத தேய்மானம் என்பதை முதலில் உணர்த்தியதும் இந்த வேறுபாடுதான்.

கடையோடு எனக்குக் கருத்து வேறுபாடு வந்த ஓர் இடமும் உண்டு. உட்பக்கம் மொட்டையாகிவிட்ட இரண்டு டயர்களையும் கழற்றிவிட்டு, வேறு கடையில் வாங்கிய இரண்டு புதிய டயர்களைக் கொண்டுபோனேன். இழுவை முன்சக்கரத்தில் இருப்பதால் புதியவற்றை முன்னால் போடலாம் என்றார் அங்கிருந்த இளைஞர். இந்த ஆலோசனை நம்மூரில் எங்கும் கேட்கக் கிடைப்பதுதான் என்றாலும் தவறானது. மழை நீர் தேங்கிய சாலையில் முன் டயர் பிடி இழந்தால் கார் நேராக வழுக்கும், வேகத்தைக் குறைத்தால் மீண்டும் கட்டுக்குள் வர வாய்ப்புண்டு. பின் டயர் பிடி இழந்தாலோ காரின் வால் சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க முடியாது. இரண்டு டயர்களை மட்டும் மாற்றும்போது அதிகப் பட்டன் உள்ளவற்றைப் பின்னால் போட வேண்டும் என்று டயர் உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துவது இதனால்தான். விளக்கிச் சொன்னபோது மறுப்பேதும் சொல்லாமல், புதியவற்றைப் பின்னாலும் பின்னால் இருந்தவற்றை முன்னாலும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பழைய பின் டயர்களில் மூன்று பள்ளங்களிலும் ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர் சீராக இருந்ததால் முன்னால் போடுவதில் தடையும் இல்லை.

டயரை டிஸ்க்கிலிருந்து கழற்றி, உட்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டு மீதி ரப்பரையும் ஓட்டித் தீர்ப்பது டாக்சி ஓட்டுநர்களிடம் உள்ள வழக்கம். இருபுறமும் ஒரே அமைப்பிலான பட்டன் உள்ள டயராக இருந்து, மொட்டையாவதற்கு வெகு முன்பே செய்தால் அதில் தவறில்லை. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை அதே பக்கச் சக்கரத்தில் இப்படித் திருப்பிப் போடக் கூடாது; எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று பக்கவாட்டில் பொறித்திருக்கும் டயருக்கோ இது எப்போதுமே கூடாது. என்னுடையவை அந்த இரண்டாம் வகை. தவிர அவற்றின் உள் ஓரமும் எல்லையைத் தாண்டிவிட்டது. எனவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பேலன்சிங் நன்றாகவே செய்தார்கள். பழைய ஈயக்கட்டிகளையும் ஒட்டுக்கட்டிகளையும் முழுவதும் அகற்றிவிட்டு, டிஸ்க்கின் உள்ளே ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டி எடுத்தபின் மெஷினில் சுழற்றினார்கள். ஒட்டுக்கட்டியை வைத்தபின் மறுபடி சுழற்றி, இரு பக்கமும் சுழியம் வந்ததைக் காட்டினார்கள். அலைன்மென்டும் பேலன்சிங்கும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய. குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீரிங் நடுங்கினால் அது பேலன்சிங். கார் ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஒரு பக்கம் தேய்ந்தாலோ அதைப் பேலன்சிங் தீர்க்காது.

அலைன்மென்டுக்கு 500 ரூபாயும், பேலன்சிங்கிற்குச் சக்கரத்துக்கு 80 ரூபாயோடு கட்டிகளுக்குத் தனியாகவும் வாங்கினார்கள். சுற்றுவட்டாரக் கடைகளோடு ஒப்பிட்டால் இது அதிகமுமில்லை, குறைவுமில்லை. புஷ் மாற்றிய கூலிக்கும் பாகத்துக்கும் தனித்தனியாக எழுதிய பில் கொடுத்தார்கள். கழற்றிய பழைய புஷ்களைக் கேட்காமலே ஒரு பையில் போட்டுத் தந்தார்கள்.

குறைகளும் உள்ளன. அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டால்தான் தருகிறார்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய முதல் ஆவணமே அதுவாக இருக்கும்போது, கேட்காதவர் வெறுங்கையோடு போவது சரியில்லை. வேலை முடிந்தபின் ஓட்டிப் பார்க்க எடுத்த பாதையும் மிகக் குறுகியது. கடைக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அந்த வேகத்தில் ஸ்டீரிங் நேராக நிற்கிறதா என்பதைச் சரியாக அறிய முடியாது. உண்மையில் பிரதான சாலைக்கு வந்தபிறகுதான் ஸ்டீரிங் சற்று இடப்பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. உடனே திரும்பிச் சென்றேன். முகம் சுளிக்காமல் மீண்டும் மெஷினில் ஏற்றி, இரண்டு டை ராடுகளையும் சம அளவில் எதிரெதிராகத் திருகி நேராக்கினார்கள். கட்டணம் கேட்கவில்லை. இருந்தாலும் முதல் முறையே பிரதான சாலையில் ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த அலைச்சல் தேவைப்பட்டிருக்காது. நைட்ரஜன் நிரப்பச் சொல்லி வற்புறுத்தியதும் எனக்குப் பிடிக்கவில்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். மாதம் இருமுறை டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்ப்பவருக்கு அதனால் பெரிய ஆதாயம் கிடையாது.

பலன் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய நிலையில் முன் டயர்களை மறுபடி அளந்தேன். இடது முன் டயரில் உள்ளே 4.9, நடுவில் 5.0, வெளியே 4.9 மில்லிமீட்டர். வலதிலும் கிட்டத்தட்ட இதே அளவுகள். உள்ளங்கையை எந்தத் திசையில் தடவினாலும் கீறல் தெரியவில்லை. முன்பு அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த ஓயாத இரைச்சலும் நின்றுவிட்டது. பேரிங் போய்விட்டதோ என்று சந்தேகிக்க வைத்த அந்த ஒலி, ஒருபக்கமாகக் கூர்மையடைந்த பட்டன்கள் சாலையில் அறைந்ததால் வந்ததுதான்.

சஸ்பென்ஷனைச் சோதித்த விதத்துக்கும் அளவுகளை மறைக்காமல் காட்டியதற்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஓட்டிப் பார்த்ததற்கும் தாள் கொடுக்கும் வழக்கத்துக்கும் மூன்றுக்கு மேல் கொடுக்க மாட்டேன். சிறிய ஹேட்ச்பேக், செடான் வைத்திருப்போர் தயங்காமல் போகலாம். பின்பக்கத்திலும் கோணங்களைத் திருகி அமைக்கக்கூடிய மல்ட்டிலிங்க் சஸ்பென்ஷன் கொண்ட பெரிய கார் வைத்திருப்போர், அந்த வகை வண்டியில் கைப்பழக்கம் உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். கடையில் ஒரே ஒரு மெஷின்தான். சனிக்கிழமை பிற்பகலில் வரிசை சாலைவரை வந்துவிடும். வார நாளில் காலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் போனால், காரைத் தூக்கியிருக்கும்போது கீழே நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; விளக்கிச் சொல்லவும் அவர்களுக்கு நேரம் இருக்கும்.